அத்தியாயம் 6: சுவருக்கு அந்தப் பக்கம்

டவுனுக்குள் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு லைசென்ஸ் வாங்கணுமா?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்? வீட்டுத் தேவைக்கு நாலு பெட்டைக்கோழி வைத்திருப்பவரைத் தேடி எந்த அலுவலகமும் தானாகக் கிளம்பி வருவது அபூர்வம். புகார் போனால் வருவார்கள். புகார் எழுதும் கை பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கைதான். அதனால் இந்த அத்தியாயம் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவரோரமே நிற்கும்.

தமிழ்நாட்டில் கட்டடங்களையும் நில உபயோகத்தையும் ஆள்வது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எது நடக்கலாம் என்று சொல்பவை அவை. அந்தப் பார்வையில் கோழிப் பண்ணை என்பது ஒரு தொழில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை வழிகாட்டுதல்களும் 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளைப் பற்றியே பேசுகின்றன. கொல்லையில் மேயும் நாலு கோழி இந்த அளவுகோல்களுக்குள் சிக்காது. ஆனால் நீங்கள் குடியிருப்பு மனையில் ஐம்பது அறுபது குஞ்சு விட்டு முட்டையும் கறியும் விற்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். அது வீட்டு வளர்ப்பு இல்லை, வியாபாரம். விற்பதற்காக வளர்க்க நினைப்பவர் டவுனுக்கு வெளியே இடம் பார்ப்பதே நல்லது.

இன்னொரு கவனம் கூண்டைப் பற்றியது. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே விட்டிருக்கும் காலியிடத்தில் செங்கல் வைத்து, கான்கிரீட் போட்டு, தகரக் கூரை இறக்கினால் அது கட்டுமானம் ஆகிவிடும். கோழியை விட்டுவிட்டுக் கட்டடத்தின் பேரிலேயே நோட்டீஸ் வரும். இரும்புச் சட்டமும் வலையும் போட்ட, நாலு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய கூண்டே போதும். அதை நகர்த்த முடிவதில் வேறொரு பெரிய நன்மையும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ கால்நடை, பறவைகள் பற்றித் தனித் துணைவிதி இருக்கிறதா என்று சுகாதாரப் பிரிவில் நேரில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே கூண்டு ஏற்றாதீர்கள்.

கடைசியாக, எந்த மண்டலத்தில் இருந்தாலும் பொருந்துவது பொதுத்தொல்லை பற்றிய சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 270ஆம் பிரிவு பொதுத்தொல்லை எது என்று சொல்கிறது. 292ஆம் பிரிவு அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அபராதம் சின்னதுதான். கவனிக்க வேண்டியது நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. நிர்வாக நடுவர், சாதாரணமாகக் கோட்டாட்சியர், தொல்லையை அகற்றும்படி அதன் கீழ் உத்தரவு போடலாம். அந்த உத்தரவு நிபந்தனையோடு வருவது: ஒன்று அகற்ற வேண்டும், அல்லது குறித்த நாளில் நேரில் போய் ஏன் அகற்றத் தேவையில்லை என்று காரணம் காட்ட வேண்டும். நோட்டீஸை வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்பவர்கள்தான் கோழியை இழக்கிறார்கள்.

சட்டம் இவ்வளவுதான். இனி சேவல்.

கோழிப் பிரச்சினை என்று நம்மிடம் வந்து சேர்வதில் பெரும்பகுதி சேவல் பிரச்சினை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அவை ஒலிபெருக்கியையும் வெடியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, சேவலை நினைத்து எழுதியவை அல்ல. ஆனாலும் விடிகாலை நாலரை மணிக் கூவலைப் பற்றிப் புகார் எழுதுபவர் கையில் அந்த எண் இருக்கும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

"கூண்டைச் சாக்கு போட்டு மூடி இருட்டாக்கினால் கூவாது" என்று பலர் சொல்வார்கள். ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் சிம்முரா, யோஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை சொல்கிறது. எப்போதும் மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்தபோதும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் தம் நேரத்துக்குக் கூவின. வெளிச்சமும் அடுத்த சேவலின் குரலும் அதைத் தூண்டும், ஆனால் மூலக் கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. சாக்கு சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், கூவலை நிறுத்தாது. அதே குழு 2015இல் இன்னொன்றும் கண்டது: கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தம் தம் தரவரிசைப்படி பின்தொடரும். இரண்டு மூன்று சேவல் வைத்திருக்கும் வீட்டில் கூவல் ஏன் ஓயாமல் நீள்கிறது என்று இதிலிருந்து புரியும்.

கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அடக்கும் சாதனம் ஒன்று இணையத்தில் விற்கிறது. வாங்காதீர்கள். இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் கூவும். ஒரு உயிரைத் திணறவைத்து நம் ஆசையைக் காப்பாற்றிக்கொள்வது கோழி வளர்ப்பில் சேராது.

டவுனுக்குள் சேவல் வேண்டாம். நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றைத்தான். முட்டைக்குச் சேவல் தேவை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். குஞ்சு பொரிக்கத்தான் தேவை, முட்டையிடத் தேவையில்லை. நியூயார்க் மாநகரம் வீட்டில் பெட்டைக்கோழி வளர்க்க விட்டுவிட்டு, சேவலை மட்டும் தடை செய்திருப்பது இந்தக் கணக்கில்தான். சிங்கப்பூரில் 2017இல் சின் மிங் பகுதியில் சுற்றித் திரிந்த 24 கோழிகள், சத்தம் பற்றிச் சுமார் 20 புகார்கள் வந்ததால், அரசு அமைப்பால் கொல்லப்பட்டன. ஊரே வருந்தியது, ஆனால் பறவைகள் போனது போனதுதான். சத்தத்தைப் பற்றிய புகார் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சேவல் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது வீட்டுக்குள் நுழைகிற வழிகள் நம் ஊரில் பல. தெருவில் கூடையில் வைத்து விற்கும் சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கிய பச்சையும் ரோஸும் நாலு மாதத்தில் கொண்டையோடு கூவும். அடை வைத்துப் பொரித்தாலும் பாதிக்குப் பாதி சேவல்தான். அதனால் மூன்று நாலு மாதம் ஆன விடைக்கோழியாக, ஆண் பெண் தெரிந்த பிறகு வாங்குங்கள். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருந்தால் கொடை நாள் வரை அதை ஊரில் பங்காளி வீட்டில் விட்டு வைக்கலாம். நேர்ச்சைக்கு ஒரு குறையும் வராது. கட்டுச்சேவல் வளர்ப்பவர்களுக்கு இந்த நூலில் இடமில்லை. சந்துக்குள் காலைக் கட்டி வரிசையாக வைத்த சேவல்கள் ஒரு தெருவின் தூக்கத்தையே கெடுக்கும். விலங்குகளைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பெட்டைக்கோழி சத்தமே போடாது என்றும் சொல்லிவிட முடியாது. முட்டையிட்டதும் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும். அது பகலில், பேச்சுக்குரலைவிடச் சற்று உயர்ந்த ஒலி. கூண்டின் கதவை விடிந்தவுடன் திறக்காமல் ஆறரை மணி வாக்கில் திறந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் கழிந்துவிடும்.

அடுத்தது வாடை. கோழி எச்சம் காய்ந்திருந்தால் மணக்காது. நனைந்தால்தான் அதிலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியா கிளம்பும். ஆக வாடையோடு போராடுவது என்றால் ஈரத்தோடு போராடுவது. கூண்டுத் தரையில் நாலு முதல் ஆறு அங்குலம் உமி, மரத்தூள், கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு, இதில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். தண்ணீர்க் குவளையைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் கோழி கிண்டிச் சிந்துவது பாதியாகக் குறையும். கூளம் நனைவதற்கு மழையைவிட அந்தக் குவளையே அதிகக் காரணம். நனைந்த இடத்தில் சுண்ணாம்பு தூவுவது நம் பழக்கம். காய்ந்த தரையில் கிருமிக்கு அது நல்லது. ஈரக் கூளத்தின் மேல் போட்டால் காரத்தன்மை கூடி அம்மோனியா இன்னும் குபீரென்று கிளம்பும், சாம்பலும் அப்படியே. நனைந்ததை முதலில் அள்ளி வெளியேற்றுங்கள், புதுக் கூளம் போடுங்கள், பிறகு பார்க்கலாம்.

ஐப்பசி கார்த்திகையில்தான் உண்மையான சோதனை. வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டாவிட்டால் இரண்டே நாளில் தெருவுக்கே தெரிந்துவிடும். காற்றின் திசையும் மாறும். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து அடித்தது ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆடியில் யாரையும் தொடாமல் இருந்த கூண்டு கார்த்திகையில் பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேராகிவிடும். நகர்த்தக்கூடிய கூண்டு வேண்டும் என்று சொன்னது இதனால்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை இடம் மாற்றுங்கள். மாற்றிய பிறகு பக்கத்து வீட்டு ஆட்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் அடுக்களையில் போய் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நம் மூக்கு நம் கோழிக்குப் பழகிவிட்டிருக்கும், அதை நம்ப முடியாது.

ஈயும் எலியும் வாடையின் கூட்டாளிகள். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். அடைகிற கம்புக்குக் கீழே குவியும் எச்சத்தை வாரம் இரண்டு முறை அள்ளினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். அள்ளியதை மூடியுள்ள தொட்டியில் காய்ந்த இலையோடு கலந்து மட்க விடுங்கள். பச்சை எச்சத்தைச் செடிக்கு அப்படியே போட்டால் வேர் கருகும். எலியும் பெருச்சாளியும் கோழிக்காக வருவதைவிடத் தீனிக்காகவே அதிகம் வரும். ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி, நாலுக்கும் சேர்த்து அரைக் கிலோகூட வராது. கம்பையும் குருணையையும் தாராளமாக இறைத்துவிட்டு இரவில் அப்படியே விடுவது பெருச்சாளிக்குச் சோறு போடுவது. பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். மீன்வலை போன்ற லேசான வலை கீரிக்கோ பெருச்சாளிக்கோ தடையே இல்லை. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்கிப் பதியுங்கள். கூண்டை நகர்த்தும்போது அந்த அடிவலையைத் தனியே பிடுங்கி மறுபடி பதிக்கும்படி கட்டிக்கொள்ளலாம்.

எத்தனை கோழி? நாலு. வீட்டுக்குப் போதுமானதும் அதுவே, சண்டைக்கு எட்டாததும் அதுவே. நாளெல்லாம் அடைத்து வளர்ப்பதானால் ஒன்றுக்கு 8 முதல் 10 சதுர அடி வேண்டும். எட்டடி நீளம், ஐந்தடி அகலக் கூண்டு சரியாக இருக்கும். சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும், கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகம் 150க்கு மேல் தரும். முட்டை எண்ணிக்கையை நினைத்து எட்டுப் பத்து என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் முதலில் வாடையும் பிறகு புகாரும் வருகிறது. இடம் இருப்பவர்களும் முதல் ஒரு வருஷம் நாலோடு நிற்கலாம்.

மேயவிட்டால் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிண்டும். அந்த வீட்டு அம்மா விதை போட்டு, தண்ணீர் தெளித்து, முளை கண்டு மகிழ்ந்த பாத்தி அது. கிண்டிய கோழி சிறியது, மனவருத்தம் சிறியதல்ல. ஒரு பக்க இறக்கையின் நீண்ட பறக்கும் இறகுகளை மட்டும் வெட்டினால் நிலை தடுமாறி மதிலேறாது. இரண்டு பக்கமும் வெட்டினால் சமன்பட்டு மறுபடி தாண்டிவிடும். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். இரத்தம் ஓடும் பச்சைக் குருத்தை வெட்டிவிடக் கூடாது.

இனிப் பேச்சு. கோழி வந்த பிறகு சொல்வதும் வருமுன் சொல்வதும் ஒன்றல்ல. கூண்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் போங்கள். வீட்டில் பெரியவர் யாரோ அவரிடம் பேசுங்கள். "அக்கா, நாலு பெட்டக்கோழி வாங்கலாம்னு இருக்கோம். சேவல் கிடையாது. கூண்டு கிணத்தடிப் பக்கம் வைக்கிறோம், உங்க ஜன்னலுக்கு எதிர்ல வராது. வாடையோ சத்தமோ இருந்தா மனசுல வச்சுக்காம உடனே சொல்லுங்க, போன் நம்பர் இதுதான்." இவ்வளவு போதும். அவர்கள் தயங்கினால் என்ன பயம் என்று கேளுங்கள். வீட்டில் இளைப்புள்ள குழந்தை இருக்கிறதா, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர் உண்டா, நாய் இருக்கிறதா? பதிலைப் பொறுத்துக் கூண்டின் இடத்தை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

முதல் முட்டைகளில் இரண்டை அவர்கள் வீட்டுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம், முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால். புகார் வந்த பிறகு முட்டையோடு போனால் அது வாயை அடைக்கக் கொடுப்பதாகத் தெரியும். சைவ வீடு என்றால் முட்டை பற்றிப் பேசவே வேண்டாம். கோழி அறுப்பதும் இறகு பறிப்பதும் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் நடக்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் பக்கத்திலும் அப்படித்தான். இறகும் குடலும் சாக்கடையில் போனால் அதைவிட நியாயமான புகார் கிடையாது.

வெளிப்படையாகப் பேச வேண்டியது இன்னொன்று உண்டு. சில புகார்களுக்கு வாடையும் சத்தமும் காரணமே இல்லை. கறி சாப்பிடுகிறவர்கள் இந்தத் தெருவில் இருப்பதே பிடிக்காதவர்களும், சாதியைப் பார்ப்பவர்களும், கோழியை ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்வதுண்டு. அங்கே கூண்டை எத்தனை தடவை நகர்த்தினாலும் புகார் நிற்காது. தன் வீட்டில் தன் உணவை வளர்க்கிறவர் அதற்காக வெட்கப்படவோ குனியவோ தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பாதுகாப்பு சுத்தமும் எழுத்தும்தான். கூளம் மாற்றிய நாள், தடுப்பூசி போட்ட நாள், கூண்டின் படம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வையுங்கள். மற்ற பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தங்களுக்குத் தொந்தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அதையும் சேருங்கள்.

பெரும்பாலான புகார்கள் அப்படிப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். யாராவது குறை சொன்னால் முதலில் எப்போது, எங்கே என்று கேளுங்கள். "எப்பவும் நாத்தம்" என்று தொடங்குபவர் பொறுமையாகக் கேட்டால் "சாயங்காலம் துணி எடுக்கும்போது" என்பார். சாயங்காலம் என்றால் காற்றா, அப்போதுதான் நீங்கள் கூளத்தைக் கிளறுகிறீர்களா என்று பார்க்கலாம். கிளறுவதைக் காலைக்கு மாற்றினாலே தீர்ந்துபோன சண்டைகள் உண்டு. செய்த மாற்றத்தை அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

நோய் பற்றிய பயம் நியாயமானது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் தெருவிலுள்ள எல்லாக் கோழியும் போகும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் ஊசி. கால்நடை மருந்தகங்கள் பிப்ரவரி வாக்கில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகின்றன, கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று கோழி திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாமல், அறுத்தும் தின்னாமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் நுழைந்தது முதல் கால்நடைத் துறை இதில் கண்ணாக இருக்கிறது. செத்த கோழியைக் குப்பைத் தொட்டியில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒத்துவரவில்லை என்ற நிலை வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு அதிகமாகிறது என்று மருத்துவரே சொன்னால் நான் கோழியை இடம் மாற்றத்தான் சொல்வேன். அப்போது நாலையும் பிரிக்காமல் ஒரே வீட்டுக்குக் கொடுங்கள். பழகிய கூட்டமாகப் போனால் புது இடத்துக் கோழிகளின் கொத்தை அவை சேர்ந்து தாங்கும். பொழுது சாய்ந்து அவை கம்பில் அடைந்த பிறகு பிடிப்பது எளிது. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாமல் பஞ்சாரத்திலோ காற்றுப் போகும் அட்டைப் பெட்டியிலோ வைத்து எடுத்துப் போங்கள். புது வீட்டில் ஒரு வாரம் கூண்டைத் திறக்கக் கூடாது என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். அதற்குள் திறந்தால் இருட்டுவதற்கு முன் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும், வழியில் நாய் பிடிக்கும். ஒரு வாரம் கழித்து மாலை நாலரை மணிக்குத் திறந்துவிட்டு, ஆறு மணிக்குத் தீனித் தட்டைத் தட்டினால் தானாக உள்ளே வந்து அடையும்.